சோர்ந்துபோன இளம் விளையாட்டு வீரருக்குத் துணை நிற்பது எப்படி: கோச், பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி, மாவட்ட, மாநில அளவில் விளையாடும் 12 முதல் 18 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கும், அவர்களைப் பயிற்றுவிக்கும் கோச், உடற்கல்வி ஆசிரியர்களுக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளை சில வாரங்களாக மந்தமாகிவிட்டது. கிரவுண்டுக்குக் கிளம்பும் நேரத்தில் தலைவலி, வயிற்றுவலி. டைமிங் இறங்குகிறது. "விட்டுடலாம்னு இருக்கு" என்ற பேச்சும் வந்துவிட்டது. இந்த நிலையில் என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்பதுதான் விஷயம். உதாரணங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தடகள மைதானங்களிலிருந்து வருகின்றன. கபடி, வாலிபால், நீச்சல், பேட்மிண்டன் எதற்கும் இதே வரிசைதான்.

வரிசையை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. புதிதாக இதில் இறங்கும் பெரியவர்கள் பெரும்பாலும் நடுவிலிருந்து தொடங்குகிறார்கள். எடுத்த எடுப்பிலேயே ஆறுதல், உற்சாகம், புத்திமதி. உடம்பில் ரத்தம் குறைந்த பிள்ளைக்கு உற்சாகப் பேச்சு ஏறாது. வாரத்துக்கு ஒன்பது முறை பிராக்டீஸ் போகும் பிள்ளையைத் தட்டிக்கொடுத்து பத்தாவதுக்கு அனுப்பினால், அடுத்த முறை நாம் தட்டிக்கொடுக்க வரும்போது அது தோளை விலக்கிக்கொள்ளும்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டில் கடந்த நான்கு வாரப் பயிற்சியை எழுதுங்கள். எந்த நாள், எத்தனை நிமிடம், யாரிடம். பள்ளி அணி, கிளப், மாவட்ட அணி என்று மூன்று இடத்தில் ஆடும் பிள்ளை என்றால் மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். ஒவ்வொரு கோச்சுக்கும் தன்னிடம் நடப்பது மட்டுமே தெரியும். மொத்தக் கணக்கு பிள்ளையின் உடம்புக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்து, வரும் மூன்று மாதத்தின் காலண்டர். போட்டிகள், செலக்‌ஷன், பரீட்சை, டியூஷன் டெஸ்ட், குடும்ப விசேஷம் எல்லாம் அதில் வர வேண்டும்.

மூன்றாவதாக இரண்டு எண்கள். 14416 என்பது டெலி மானஸ், மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். தேவைப்படும் நேரத்தில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக முதலிலேயே போனில் பதிந்து வையுங்கள்.

## 1. வெறும் களைப்பா, பர்ன்அவுட்டா என்று பிரித்துப் பாருங்கள்

கடினமான வாரத்துக்குப் பிறகு வரும் களைப்பு இரண்டு மூன்று நாள் ஓய்வில் தீரும். ஓய்வு முடிந்ததும் பிள்ளையே ஷூவை எடுத்துக்கொண்டு கிளம்பும். பர்ன்அவுட் அப்படித் தீராது. ஓய்வு முடிகிற நாளன்றுதான் முகம் இன்னும் சுருங்கும்.

விளையாட்டு உளவியலில் இதை மூன்று கூறாகப் பார்க்கிறார்கள். ஒன்று, உடம்பும் மனமும் வற்றிப்போவது. இரண்டு, என்ன செய்தாலும் முன்னேறவில்லை என்ற எண்ணம். மூன்று, ஒரு காலத்தில் உயிராக இருந்த விளையாட்டு பொருளற்றதாகத் தெரிவது. பிள்ளைகள் இதை இந்தச் சொற்களில் சொல்ல மாட்டார்கள். "கால் கனமா இருக்கு சார்" என்பது முதலாவது. "நான் எவ்ளோ ஓடினாலும் அதே டைமிங்தான்" என்பது இரண்டாவது. மூன்றாவதுக்குப் பெரும்பாலும் பேச்சே இருக்காது. செலக்‌ஷன் லிஸ்டில் பெயர் வந்தாலும் "ம்" என்று மட்டும் சொல்லும். பெயர் விட்டுப்போனாலும் அதே "ம்".

அந்த மூன்றாவது அடையாளத்தைத்தான் நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன். தோற்று அழுகிற பிள்ளைக்கு விளையாட்டின் மேல் இன்னும் பிடிப்பு இருக்கிறது. தோற்றும் ஒன்றும் தோன்றாத பிள்ளையிடம்தான் உடனே உட்கார வேண்டும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, இதைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ முடிவு கட்டுவது. வருஷக்கணக்கில் விடியுமுன் எழுந்து வந்த பிள்ளை ஒரு மாதத்தில் சோம்பேறி ஆகிவிடாது. இன்னொரு தவறு, இணையத்தில் கிடைக்கும் கேள்வித்தாளை நிரப்பச் சொல்லி, மதிப்பெண்ணை வைத்து "உனக்கு இது இருக்கு" என்று சொல்வது. அந்தத் தாள்கள் ஆய்வுக்காக உருவானவை. முத்திரை குத்துவதற்கு அவை உதவாது.

## 2. உடம்பை முதலில் சோதியுங்கள்

மனசைப் பற்றிப் பேசும் முன் உடம்பைப் பார்ப்பதற்குக் காரணம், இரண்டின் அறிகுறியும் ஒன்றுபோல இருப்பதுதான். ரத்தசோகை, தூக்கக் குறைவு, போதாத சாப்பாடு, ஆறாத காயம் இவை எல்லாமே மந்தத்தையும் எரிச்சலையும் கொடுக்கும்.

தூக்கத்திலிருந்து தொடங்குங்கள். 13 முதல் 18 வயதுக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டல். காலை 5 மணிக்கு எழுந்து பிராக்டீஸ், பள்ளி, மாலையில் மறுபடி பிராக்டீஸ், ஒன்பது மணிவரை டியூஷன், பிறகு வீட்டுப்பாடம் என்றால், படுக்கும்போது பதினொன்று. ஆறு மணி நேரம்கூடத் தேறாது. இந்தக் கணக்கை நோட்டில் போட்டுக் காட்டினால் பல வீடுகளில் வேறு விளக்கமே தேவைப்படுவதில்லை.

அடுத்து ரத்தம். ஹீமோகுளோபின் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துகொள்ளலாம். 12 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. ஆண் பிள்ளைகளுக்கு 15 வயதிலிருந்து அந்த எல்லை 13. நடுத்தர, நீண்டதூர ஓட்டக்காரப் பெண்களிடம் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். டைமிங் இறங்கியதற்குத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும் பெண்ணுக்குத் தேவைப்பட்டது இரும்புச்சத்தாக இருக்கலாம்.

மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றாலும், 15 வயதாகியும் தொடங்கவே இல்லை என்றாலும் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். ஓடுகிற ஓட்டத்துக்குத் தேவையான சாப்பாடு உள்ளே போகவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். எலும்பையும் அது பாதிக்கும். "ஓடுற பொண்ணுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று மைதானத்தில் சொல்வதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள். இந்தக் கேள்வியை ஆண் கோச் நேரில் கேட்பதைவிட அம்மாவோ, பெண் ஆசிரியரோ, மூத்த அக்காவோ கேட்பது நல்லது.

காலையில் எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்கும் முன், நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணச் சொல்லி எழுதி வையுங்கள். பத்து நாள் எழுதினால் பிள்ளையின் வழக்கமான எண் தெரியும். அதைவிடத் தெளிவாக உயர்ந்து, பல நாள் அப்படியே நின்றால் உடம்பு இன்னும் மீளவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

## 3. கேளுங்கள், பதில் சொல்லாமல் கேளுங்கள்

யார் கேட்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பதவியில் பெரியவர் கேட்க வேண்டும் என்று இல்லை. பிள்ளை ஏற்கெனவே யாரிடம் வாய்விட்டுப் பேசுகிறதோ அவர் கேட்க வேண்டும். பாட்டி, சித்தி, பள்ளியில் ஒரு டீச்சர், கிரவுண்டில் சீனியர் அண்ணன், யாராகவும் இருக்கலாம்.

இடம்: நாலு பேர் பார்வையில் படுகிற, ஆனால் காதில் விழாத இடம். கேலரிப் படிக்கட்டின் ஓரம், மைதானத்தைச் சுற்றி ஒரு நடை. பூட்டிய அறைக்குள் தனியாகப் பேசுவது பிள்ளையின் பாதுகாப்புக்கும் சரியில்லை, பேசுபவருக்கும் சரியில்லை. நடந்துகொண்டே பேசினால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் பிள்ளைக்கும் சுலபமாக இருக்கும்.

நேரம்: பிராக்டீஸ் முடிந்து தண்ணீர் குடித்த பிறகு. போட்டிக்கு முன்பும் வேண்டாம், போட்டி முடிந்த அன்றும் வேண்டாம்.

இப்படி ஒரு பேச்சு எப்படிப் போகும் என்று காட்டுகிறேன். எண்ணூறு மீட்டர் ஓடும் பத்தாம் வகுப்புப் பெண், கேட்பவர் உடற்கல்வி ஆசிரியை.

"கொஞ்ச நாளா வார்ம்-அப்லயே பின்னாடி நிக்கறியேம்மா."

"ஒண்ணுமில்ல மிஸ்."

ஆசிரியை இங்கே பேசவில்லை. அரைச் சுற்று நடந்தார்கள்.

"வீட்ல எல்லாரும் ஸ்டேட் பத்தியே பேசறாங்க மிஸ். மாமா, பெரியப்பா எல்லாரும். தோத்தா எப்படி ஊருக்குள்ள போறதுன்னு இருக்கு."

"ம். அப்புறம்?"

"அப்பா ஸ்பைக்ஸ் ஷூ வாங்கக் கடன் வாங்கிருக்காரு. எனக்குத் தெரியாதுன்னு நினைக்கறாரு."

அந்த "ம், அப்புறம்?" தான் இந்தப் படியின் முழு வேலை. முதல் பதிலில் "அதெல்லாம் நினைக்காதே, ஓடு" என்று சொல்லியிருந்தால் கடன் விஷயம் வெளியே வந்திருக்காது. கடன்தான் அந்தப் பெண்ணின் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. ஓட்டம் அல்ல.

இந்தக் கட்டத்தில் செய்யக் கூடாதவை: மற்ற பிள்ளையோடு ஒப்பிடுவது, நம் காலத்துக் கஷ்டத்தைச் சொல்வது, "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்வது. கடைசியானது மிக முக்கியம். அடி, மிரட்டல், தவறான தொடுதல், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் இவற்றில் ஏதாவது வெளியே வந்தால் மறைக்க நமக்கு உரிமை இல்லை. பாலியல் துன்புறுத்தல் என்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் தெரிவிப்பது கட்டாயம். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "நீ சொல்றத ஊருக்குச் சொல்ல மாட்டேன். உனக்கு ஆபத்துன்னா மட்டும் உதவிக்கு ஒருத்தரைக் கூப்பிடுவேன்."

## 4. சுமையைக் குறையுங்கள்

துணைக்கு ஆள் தேடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். சுமை அப்படியே இருக்கையில் ஆறுதல் மட்டும் கூடினால், "இன்னும் தாங்கு" என்று நாம் சொல்வதாகத்தான் பிள்ளைக்குப் படும்.

நோட்டை எடுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம், வாரத்தில் ஒரு நாளாவது பயிற்சியும் போட்டியும் இல்லாத முழு ஓய்வு, வருஷத்தில் மொத்தம் இரண்டு மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்து விலகல் என்று பரிந்துரைக்கிறது. அந்த நாட்டின் என்.ஏ.டி.ஏ. என்ற விளையாட்டு மருத்துவ அமைப்பு 2019-ல் ஓர் எளிய அளவுகோல் கொடுத்தது: வாரப் பயிற்சி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. 14 வயது என்றால் 14 மணி நேரம். நம் ஊரில் காலை இரண்டு, மாலை இரண்டு என்று ஆறு நாள் போட்டாலே 24 ஆகிவிடுகிறது.

மணி நேரம் மட்டும் போதாது, எவ்வளவு கடினம் என்பதும் வேண்டும். பிராக்டீஸ் முடிந்து அரை மணி கழித்து, "பத்துக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். அந்த எண்ணை நிமிடத்தால் பெருக்குங்கள். 90 நிமிடம், கஷ்டம் 7 என்றால் 630. வாரக் கூட்டுத்தொகையை எழுதிவந்தால், எந்த வாரம் சட்டென்று ஏறியது என்று தெரியும். கோச் லேசானது என்று நினைத்துக் கொடுத்த நாளுக்குப் பிள்ளை 8 சொன்னால் அதைத் திருத்தாதீர்கள். அந்த வித்தியாசம்தான் நமக்கு வேண்டிய செய்தி.

எதைக் குறைப்பது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். இரண்டு மூன்று வழிகளை முன்னால் வையுங்கள்: செவ்வாய், வியாழன் காலை பிராக்டீஸ் வேண்டாமா, இந்த மாத ஓப்பன் மீட் வேண்டாமா, ரிலேயிலிருந்து விலகிக்கொள்கிறாயா? அமெரிக்கச் சமூகவியலாளர் ஜே கோக்லி, உச்சத்தில் ஆடிவிட்டு இளம் வயதிலேயே விலகியவர்களிடம் பேசி 1992-ல் எழுதியதன் சாரம் இது: தன் வாழ்க்கையில் தனக்கு ஒரு சொல்லும் இல்லை என்ற நிலையும், விளையாட்டு வீரர் என்பதைத் தவிர வேறு அடையாளமே இல்லாத நிலையும்தான் அவர்களைத் தள்ளியிருக்கின்றன. பெரியவர்கள் கூடி நல்லெண்ணத்தோடு ஓய்வை முடிவு செய்து அறிவித்தாலும், அதில் பிள்ளைக்குச் சொல் இல்லை. அந்த ஓய்வு தண்டனையாகவே படும்.

## 5. துணையை நான்காகப் பிரித்து, ஆள் குறியுங்கள்

"நாங்க எல்லாரும் உனக்கு இருக்கோம்" என்பது நல்ல வார்த்தை. ஆனால் வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மனசு சரியில்லாத பிள்ளைக்கு அந்த "எல்லாரும்" யார் என்று தெரியாது. அதனால் வேலையைப் பிரிக்க வேண்டும். துணை நான்கு வகை.

முதலாவது, மனசுக்கான துணை. கேட்பது, கூட இருப்பது. இரண்டாவது, நம்பிக்கைக்கான துணை. "உன்னால முடியும்" என்று பொதுவாகச் சொல்வது அல்ல, "போன மாசம் மூணாவது லேப்ல தளர்ந்தே, இப்ப தளரல" என்று பார்த்ததைச் சொல்வது. மூன்றாவது, விஷயம் சொல்லும் துணை: டெக்னிக், டயட், செலக்‌ஷன் விதி. நான்காவது, கையால் செய்யும் துணை: வண்டியில் கொண்டுவிடுவது, டிபன் கட்டுவது, பயணச் செலவு, ஃபார்மில் கையெழுத்து வாங்குவது.

ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் யார் பெயர் வர வேண்டும் என்று பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். நாம் எழுதக் கூடாது. வெறுமையாக விடப்படும் கட்டம்தான் நம் அடுத்த வேலை. அப்பா தன் பெயர் நான்கிலும் வரும் என்று நினைத்திருப்பார். நான்காவதில் மட்டும் வந்திருக்கும். இது குறை அல்ல. நான்கையும் ஒருவரே செய்யப் போனால் எதுவும் சரியாக நடக்காது.

சதுரங்கத்தில் குகேஷின் தந்தை, காது மூக்கு தொண்டை மருத்துவரான ரஜினிகாந்த், தன் மருத்துவப் பணியை நிறுத்திவைத்து மகனோடு போட்டிகளுக்குப் பயணம் செய்தார். 2024-ல் சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கு ஆடியபோது ஆட்டத் தயாரிப்புக்கு கிராண்ட்மாஸ்டர் கஜேவ்ஸ்கியும், மனத் தயாரிப்புக்கு பேடி அப்டனும் இருந்தார்கள். பிரக்ஞானந்தா, வைஷாலியின் தாய் நாகலட்சுமி, ஊர் ஊராக அடுப்பும் அரிசியும் சுமந்துபோய் வீட்டுச் சாப்பாடு சமைத்துக் கொடுத்தது பலருக்கும் தெரியும். வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்ற எல்லாராலும் முடியாது, அது தேவையும் இல்லை. இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது பிரிவினையை மட்டும்: யார் எதைச் செய்வது என்பதில் அங்கே குழப்பம் இல்லை.

பொருத்தம் பார்க்க வேண்டும். தீர்க்கக்கூடிய சிக்கலுக்குத் தகவலும் உதவியும் பலன் தரும். பஸ் நேரம் ஒத்துவரவில்லை என்று சொல்லும் பிள்ளைக்கு ஆறுதல் எதற்கு, வண்டி ஏற்பாடு செய்யுங்கள். தீர்க்க முடியாத இழப்புக்கு மனசுக்கான துணைதான் வேண்டும். காயத்தால் செலக்‌ஷன் போய்விட்ட பிள்ளையிடம் அன்றைக்கே அடுத்த வருஷத் திட்டத்தை விரிக்கக் கூடாது.

இதில் ஆய்வுகள் காட்டும் ஒன்று பெற்றோருக்கு ஆச்சரியமாக இருக்கும். நாம் எவ்வளவு உதவி செய்தோம் என்பதைவிட, தேவைப்பட்டால் உதவி கிடைக்கும் என்று பிள்ளை நம்புகிறதா என்பதோடுதான் பர்ன்அவுட் குறைவது அதிகம் சேர்ந்து போகிறது. அளவுக்கு மீறிய உதவி பாரமாகவும் மாறலாம். அந்த ஸ்பைக்ஸ் கடன் அப்படித்தான். அப்பா கொடுத்தது உண்மையான துணை. ஆனால் அது மகளிடம் "ஜெயித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பாக்கி" என்றே போய்ச் சேர்ந்தது. அதைச் சரிசெய்ய அப்பா ஒன்றைத்தான் சொல்ல வேண்டியிருந்தது: "கடன் என்னோட கணக்கு பாப்பா. நீ நாளைக்கே ஓட்டத்தை விட்டாலும் அது என்னோட கணக்குதான்." இதைச் சொல்ல மனசு வர வேண்டும். மனசில்லாமல் சொன்னால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

## 6. வீட்டுக்குத் திரும்பும் பயணத்துக்கு ஒரு விதி

போட்டி முடிந்து பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும் அந்த நேரம், பெரும்பாலான பிள்ளைகள் பயப்படும் நேரம். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அப்பா கேட்பார்: "கடைசி அம்பது மீட்டர்ல ஏன் விட்டே?" பதில் சொன்னால் விவாதம், சொல்லாவிட்டால் திமிர். இறங்கி ஓடவும் முடியாது.

விதி இதுதான். வீடு சேரும்வரை பந்தயத்தைப் பற்றிப் பெரியவர்கள் தொடங்கக் கூடாது. பிள்ளை தொடங்கினால் கேட்கலாம். "பசிக்குதா, எங்கயாவது நிறுத்தட்டுமா?" என்பது போதும். அலசல் கோச்சின் வேலை, அதுவும் மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள். காரணம் எளிது. ஓடி முடித்த சூட்டில் சொல்லும் எந்தத் திருத்தமும் மண்டையில் ஏறாது, மனசில் மட்டும் தங்கும்.

வீட்டில் அப்பாவே இரண்டாவது கோச்சாக மாறுவதும் இதே வகை. கிரவுண்டில் ஒரு பயிற்சி, மொட்டைமாடியில் யூடியூப் பார்த்து இன்னொரு பயிற்சி. இரண்டு குரலுக்கு நடுவில் பிள்ளை இழுபடும். விளையாட்டு தெரிந்த அப்பாவாக இருந்தால் கோச்சிடம் பேசுங்கள், பிள்ளை மூலமாகப் பேசாதீர்கள்.

## 7. கோச் மாற்றிக்கொள்ள வேண்டியவை

தாமதமாக வந்தால் ஐந்து சுற்று என்ற தண்டனையை நிறுத்துங்கள். ஓட்டக்காரப் பிள்ளைக்கு ஓட்டத்தையே தண்டனையாகக் கொடுத்தால், அது எதை வெறுக்கப் பழகும்?

வாரத்தில் ஒரு பிராக்டீஸிலாவது எதைச் செய்வது என்பதைப் பிள்ளைகள் முடிவு செய்யட்டும். டைமிங் எடுக்காத ஒரு நாள் இருக்கட்டும். பதக்கம் வென்றவரிடம் மட்டும் நின்று பேசுகிறோமா என்று கவனியுங்கள். ஹீட்ஸ் எனும் முதல் சுற்றிலேயே வெளியேறிய பிள்ளை கூட்டத்தில் உங்களைத்தான் தேடும். அந்தப் பிள்ளையிடம் முதலில் போங்கள்.

## 8. கூட ஓடும் பிள்ளைகள்

இந்த வயதில் பெற்றோரைவிட, சில நாள் கோச்சைவிட, கூட ஓடுபவர்களின் சொல் எடை கூடியது. இதைத் தானாக நடக்கும் என்று விடாமல் ஏற்பாடாகச் செய்ய வேண்டும்.

சீனியர், ஜூனியர் என்று ஜோடி சேருங்கள். சீனியரின் வேலை டெக்னிக் சொல்வது அல்ல, ஆள் வரவில்லை என்றால் "ஏன் வரல?" என்று விசாரிப்பது மட்டும். காயம்பட்ட பிள்ளையை வீட்டிலேயே விட்டுவிடாதீர்கள். ஸ்டாப்வாட்ச் பிடிக்க, குறிப்பு எழுத, வார்ம்-அப்பில் கூட நிற்க என்று கிரவுண்டுக்கு வரட்டும். இரண்டு மாதம் காணாமல் போன பிள்ளை திரும்பும்போது அந்நியமாக உணர்கிறது, பலர் அந்த இடத்தில்தான் நின்றுபோகிறார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் எல்லார் டைமிங்கையும் வரிசைப்படுத்திப் போடுவதை நிறுத்துங்கள். அவரவர் டைமிங் அவரவருக்கு. அந்தப் பட்டியலைப் பெற்றோரும் பார்க்கிறார்கள், இரவுச் சாப்பாட்டின்போது அது பேச்சாகிறது.

## 9. பரீட்சை மாதங்களும் விடுதி வாழ்க்கையும்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு மார்ச்சில். ஜனவரியிலேயே வகுப்பாசிரியர், கோச், பெற்றோர் மூவரும் ஒரே நாளில் உட்கார்ந்து பேச வேண்டும். தனித்தனியாகப் பேசினால் ஆசிரியர் "விளையாட்டை நிறுத்து" என்பார், கோச் "விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் வாங்கலாம்" என்பார், பிள்ளை இருவருக்கும் தலையாட்டிவிட்டு இரவில் தூங்காது. முழுவதும் நிறுத்துவதும் நல்லதல்ல. வாரம் மூன்று நாள், முக்கால் மணி, போட்டி இல்லாத ஓட்டம் என்று வைத்தால் தூக்கமும் மனசும் சீராக இருக்கும்.

விளையாட்டு விடுதிகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு, வீட்டிலிருந்து போன் வரும் நேரம் நிலையாக இருக்க வேண்டும். ஞாயிறு மாலை என்றால் ஒவ்வொரு ஞாயிறும் மாலைதான். முதல் கேள்வி டைமிங்காக இருக்கக் கூடாது. ஊர்ச் செய்தி சொல்லுங்கள்: கன்று போட்ட மாடு, பக்கத்து வீட்டுக் கல்யாணம், தம்பி செய்த சேட்டை. பதினாலு வயதில் வீட்டை விட்டு இருக்கும் பிள்ளை, தான் இல்லாமலும் அந்த வீடு தனக்காக இருக்கிறது என்று உணர வேண்டும்.

## 10. இடைவெளியும் திரும்பி வருவதும்

சுமையைக் குறைத்தும், ஆள் குறித்தும், ஒரு மாதத்தில் மாற்றம் இல்லை என்றால் முழு இடைவெளி கொடுங்கள். தேதி குறித்துக் கொடுங்கள்: இந்தத் தேதிவரை யாரும் கேட்க மாட்டோம், அன்று உட்கார்ந்து பேசுவோம். முடிவில்லாத ஓய்வு பிள்ளையை இன்னும் பதற்றப்படுத்தும். அந்த நாட்களில் வேறு ஏதாவது விளையாடட்டும், தெருவில் கிரிக்கெட், கிணற்றில் நீச்சல், எதுவானாலும் சரி.

"இடைவெளி விட்டால் எல்லாம் போயிற்று" என்ற பயம் பெற்றோருக்கு இருக்கும். ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி பார்ட்டி 2014-ல், 18 வயதில் டென்னிஸிலிருந்து விலகினார். இடையில் பிரிஸ்பேன் ஹீட் அணிக்காகக் கிரிக்கெட் ஆடினார். 2016-ல் திரும்பி, 2019-ல் பிரெஞ்சு ஓப்பனையும் 2021-ல் விம்பிள்டனையும் வென்றார். எல்லாரும் அப்படித் திரும்புவார்கள் என்பதற்கு இது உத்தரவாதம் அல்ல. விலகுவது முடிவாகத்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை என்று காட்ட இது போதும்.

திரும்பும்போது பழைய அட்டவணையில் பாதியிலிருந்து தொடங்குங்கள். முதல் மூன்று வாரம் டைமிங் எடுக்க வேண்டாம், பழைய டைமிங்கோடு ஒப்பிட்டுப் பேசவும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு பிராக்டீஸ் கூட்டலாம், தூக்கமும் காலை நாடியும் சீராக இருந்தால் மட்டும்.

பிள்ளை திரும்ப வேண்டாம் என்று முடிவு செய்தால்? ஈவென்ட் மாற்ற விரும்புகிறதா, கோச் மாற்ற விரும்புகிறதா, விளையாட்டையே விடுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். விடுவதுதான் முடிவு என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். கிரவுண்ட் நண்பர்களை மட்டும் துண்டித்துவிடாதீர்கள். மாலையில் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வரட்டும். விளையாட்டை விடும் பிள்ளை ஒரே நாளில் தன் ஊரையே இழப்பதுபோல் ஆகிவிடக் கூடாது.

## 11. வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம்

குறித்த ஒருவர், குறித்த நாளில், மூன்று கேள்வி கேட்க வேண்டும். இந்த வாரம் எது நல்லா இருந்துச்சு? எது பாரமா இருந்துச்சு? அடுத்த வாரம் நான் என்ன செய்யணும்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைக் கட்டாயம் செய்யுங்கள். ஒரு வாரம் கேட்டுவிட்டுச் செய்யாமல் விட்டால் அடுத்த வாரம் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும்.

கீழே உள்ளவற்றில் எதைக் கண்டாலும் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு டாக்டரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள்: இரண்டு வாரத்துக்கு மேல் தொடரும் சோகம், விளையாட்டில் மட்டுமின்றிப் படிப்பு, நண்பர்கள், சாப்பாடு எதிலும் நாட்டமின்மை, எடை சட்டென்று குறைவது, கையில் கீறல் தழும்புகள், "நான் இல்லன்னா நல்லா இருக்கும்" போன்ற பேச்சு. கடைசி இரண்டைக் கண்டால் பிள்ளையைத் தனியே விடாமல் கூடவே இருந்து, அன்றைக்கே 14416-க்குப் பேசுங்கள், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மறுநாள் காலை பிராக்டீஸ், செலக்‌ஷன், மீட் எதுவாக இருந்தாலும் கோச்சுக்கு ஒரு வரி அனுப்பினால் போதும்: "நாளைக்கு வரமாட்டாள் சார், நான் அப்புறம் பேசுறேன்."